தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமாகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். செடிக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. தொட்டியின் அடியில் துளை இருந்து, மண் கலவையும் பொலபொலவென்று இருந்தால், ஒரு குடம் ஊற்றினாலும் அது தன்னால் பிடிக்க முடிந்ததைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விட்டுவிடும். செடியைக் கொல்வது அடுத்தடுத்து ஊற்றுவது. முன்பு ஊற்றியது காய்வதற்குள் மறுபடி ஒரு டம்ளர், அது காய்வதற்குள் இன்னொரு டம்ளர் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுபவர்களின் செடிதான் முதலில் அழுகும்.

காரணம் காற்று. மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக இருந்தால் வேர் நிம்மதியாக இருக்கும். வேரும் சுவாசிக்கிறது, அந்த ஆற்றலில்தான் அது சத்தை உறிஞ்சுகிறது, புது நுனி விடுகிறது. சந்துகள் எல்லாம் நாள் கணக்கில் தண்ணீரால் அடைபட்டால் ஆக்ஸிஜன் உள்ளே வர வழியில்லை. தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய 10,000-ல் ஒரு பங்குதான். முதலில் மெல்லிய வேர் நுனிகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. செத்த நுனியில் பித்தியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் போன்ற நுண்ணுயிர்கள் குடியேறி, நல்ல வேர்களுக்கும் பரவுகின்றன. இவற்றில் முதல் இரண்டின் வித்துகள் தண்ணீரில் நீந்தியே அடுத்த வேரைத் தேடிப் போகக்கூடியவை. மண் ஊறிக் கிடந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது. இலை மட்டும் ஏன் வாடித் தொங்குகிறது?

உறிஞ்ச வேர் இல்லை, அதனால்தான். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் தவிக்கிறது. வாடலைப் பார்த்ததும் செம்பை எடுக்கிற பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். இலை தொங்கினால் முதலில் மண்ணைத் தொடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், பெரும்பாலான செடிகள் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஈரமாக இருந்தால் ஒரு சொட்டும் கூடாது, வேரைப் பார்க்க வேண்டும்.

தாகத்தால் வாடுகிறதா, தண்ணீர் அதிகமாகி வாடுகிறதா? இலையை வைத்தே சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். தாகத்தில் வாடும் இலை மெலிந்து, சுருண்டு, ஓரம் மொறுமொறுப்பாகும். தொட்டி கையில் லேசாக இருக்கும். மண் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் மிகுந்தால் இலை துவண்டு, தொட்டால் ஈரத் துணி போல இருக்கும். அடி இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகும். இலையில் கரும்பழுப்புத் திட்டுகள் வரும், சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அமுக்கினால் உள்வாங்கும்.

சில செடிகளுக்குத் தனி அடையாளம் உண்டு. ஸ்னேக் பிளாண்ட்டின் இலை மேலே பச்சையாகவே நின்றுகொண்டிருக்கும். லேசாகப் பிடித்து இழுத்தால் அடிப்பகுதி கூழாகிக் கையோடு வந்துவிடும். ஜேட் போன்ற சதைப்பற்றுச் செடிகளில் இலை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், விரல் பட்டாலே உதிரும். கற்றாழையில் வெளிவட்ட மடல்கள் நீர்கோத்துத் தரையோடு சாயும்.

ஆனால் மஞ்சள் இலை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடி இலை ஒன்று பழுத்து விழுவது முதுமை. ஒரு வாரத்தில் மூன்று நான்கு இலை மஞ்சளாகி, கூடவே மண்ணும் ஈரமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மண்ணுக்குள் ஈரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மேலே காய்ந்துதானே தெரிகிறது?

மேல் மண் ஏமாற்றும். காற்று பட்டு ஒரே நாளில் வெளுத்துவிடும். நான்கு விரற்கடை கீழே சேறாக இருக்கும்.

சின்னத் தொட்டிக்கு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம், அதாவது 5 செ.மீ. வரை விட்டுப் பார்த்தால் போதும். 20 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்ட தொட்டிக்கு விரல் எட்டாது. மெருகு பூசாத மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, 10 நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சியின் எந்த உயரம் வரை நிறம் கறுத்திருக்கிறதோ, மண் துகள் ஒட்டியிருக்கிறதோ, அதுவரை ஈரம். அப்படியே முகர்ந்தும் பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசனை என்றால் பிரச்சினை இல்லை. சாக்கடை வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் அடியில் காற்றே இல்லை என்று பொருள்.

பழகிவிட்டால் எல்லாவற்றையும்விட நம்பகமானது கை. தண்ணீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி தூக்கிப் பாருங்கள். ஓரிரு முறை செய்தாலே எடை வித்தியாசம் மனதில் பதிந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் இது இன்னும் துல்லியம், ஏனென்றால் தொட்டிக்கென்று எடையே இல்லை.

கடையில் கிடைக்கும் இரட்டைக் கம்பி ஈரமானியை முழுதாக நம்ப வேண்டாம். அது அளப்பது மண்ணின் மின்கடத்தலை. உரம் அதிகம் உள்ள மண்ணில் ‘ஈரம்’ என்று காட்டும். மரப்பட்டை, பெர்லைட் (பொரி போன்ற லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்த கரடான கலவையில் கம்பிக்குப் பிடிமானம் இல்லாமல் ‘காய்ந்தது’ என்று காட்டும்.

தண்ணீர் மிகுந்துவிட்டது, ஆனால் இலை இன்னும் நன்றாக இருக்கிறது. உடனே மண் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். வேர் இன்னும் வெள்ளையாக உறுதியாக இருக்கும்போது அதைக் கலைப்பது கூடுதல் அடி. தண்ணீரை வெளியேற்றினால் போதும்.

முதலில் அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டுங்கள். அடுத்து தொட்டியை ஏதாவது ஒன்றின் மேல் 45 பாகை சாய்த்து வையுங்கள். சொட்டுச் சொட்டாக இன்னும் கொஞ்சம் வடியும். இது ஏன் வேலை செய்கிறது என்பதை ஒரு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வைத்துப் பார்க்கலாம். நன்றாக நனைத்துப் படுக்கை வாக்கில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்புங்கள்: மறுபடி ஒழுகும். நீர் நிற்கும் தூண் உயரமானால் புவியீர்ப்பு கூடுதலாக இழுக்கிறது. தொட்டியைச் சாய்ப்பதும் அதேதான். அடித்துளை வழியாக ஒரு பருத்திக் கயிற்றை உள்ளே செருகி, 15 செ.மீ. வெளியே தொங்கவிட்டாலும் இதே பலன்.

அதுவும் போதாவிட்டால் செடியை மண் உருண்டையோடு உருவி, பழைய செய்தித்தாளை நாலைந்து அடுக்காக விரித்து அதன்மேல் வையுங்கள். தாள் ஊறியதும் மாற்றுங்கள். வெயில் படாத இடத்தில் ஓர் இரவு வைத்தால் கணிசமான ஈரம் போய்விடும். மறுநாள் அதே தொட்டியில் இறக்கிவிடலாம். காயட்டும் என்று கொளுத்தும் வெயிலில் வைப்பது தவறு. உறிஞ்சத் திணறும் செடியின் இலையிலிருந்து நீரை இன்னும் வேகமாகப் பறிப்பதாகும்.

வேர் அழுகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

செடியை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. தொட்டியைச் சுற்றித் தட்டி, சாய்த்து, தண்டை இழுக்காமல் மண்ணோடு உருவுங்கள். மண்ணை உதிர்த்துவிட்டு ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வேர் வெள்ளை அல்லது இளம்பழுப்பாக, விறைப்பாக, இழுத்தாலும் வராமல் நிற்கும். அழுகிய வேரின் மேல்தோல் உறை போல வழுக்கிக் கையோடு வந்துவிடும். நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் செடியில் தொங்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சில செடிகளின் வேர் இயல்பாகவே ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறம். ஸ்னேக் பிளாண்ட் அதில் ஒன்று. கறை படிந்திருந்தாலும் உறுதியாக இருந்தால் அது நல்ல வேர்.

சரி, அழுகியிருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

தேவையானவை: கூரான கத்தரி, 70% ஆல்கஹால், ஓடும் நீர், புதுக் கலவை, துளையுள்ள தொட்டி. வேரை வெளியே எடுத்த பிறகு கலவை தேடி அலையக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் முதலில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மண்ணை முழுவதும் உதிர்த்து, வெதுவெதுப்பான ஓடும் நீரில் வேரைக் கழுவுங்கள். ஏற்கெனவே நனைந்து கெட்ட செடியைத் தண்ணீரில் காட்டலாமா என்று தயங்க வேண்டாம். அழுகல் எங்கே முடிகிறது என்று தெரிய இது அவசியம். கத்தரியை ஆல்கஹாலில் துடைத்து, மெத்தென்று ஆன வேர்களையெல்லாம் வெட்டுங்கள். அழுகல் முடிந்த இடத்திலேயே நிறுத்தாமல் நல்ல பகுதியிலும் 1 செ.மீ. சேர்த்து வெட்டுவது பாதுகாப்பு. வெட்டிய முகம் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மேலே போங்கள். ஒவ்வொரு சில வெட்டுக்கும் கத்தரியைத் துடையுங்கள், இல்லாவிட்டால் நோயை நீங்களே பரப்புவீர்கள். கிழங்கோ, மண்ணுக்குள் படுத்து ஓடும் மட்டத்தண்டோ உள்ள செடியில் (இசட் இசட் பிளாண்ட், ஸ்னேக் பிளாண்ட்) அதையும் அமுக்கிப் பார்த்து, அழுகிய பகுதியைச் சீவிவிட வேண்டும்.

அடுத்தது இலை. வேரில் பாதி போய்விட்டால் பழைய இலைப் பரப்பு முழுவதற்கும் நீர் தர மிச்ச வேரால் முடியாது. மஞ்சள் இலை, புள்ளி விழுந்த இலை, அடி முதிர் இலை என்ற வரிசையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீக்கலாம். அதற்கு மேல் மொட்டையடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. புது வேர் விடத் தேவையான மாவுச்சத்து இலையிலிருந்துதான் வருகிறது. இலையை விட்டுவைத்து, மெல்லிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கண்ணாடித்தாள் பையைக் கவிழ்த்துக் காற்றின் ஈரத்தைக் கூட்டுவது மேல். தினம் ஒருமுறை பையைத் திறந்து மூடுங்கள். சதைப்பற்றுச் செடிக்குப் பை கூடவே கூடாது.

தொட்டி அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். மிச்சமிருக்கும் வேரைச் சுற்றி 2–3 செ.மீ. மட்டுமே இடம் விடும் தொட்டி போதும். பல நேரம் அது பழைய தொட்டியைவிடச் சின்னதாக இருக்கும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் நாள் கணக்கில் காயாமல் கிடக்கும், அழுகல் திரும்பி வரும்.

கலவையைப் பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக்கிக்கொண்டு நடுங்கள். அழுத்தித் திணிக்காமல் தொட்டியைத் தட்டி அமையவிடுங்கள். இலைச் செடிக்கு ஒருமுறை மிதமாக ஊற்றி வடியவிட்டு, மேல் 3–5 செ.மீ. காயும் வரை காத்திருங்கள். சதைப்பற்றுச் செடியைக் காய்ந்த கலவையில் நட்டு 5–7 நாள் தண்ணீரே காட்டாதீர்கள், வெட்டுக்காயம் ஆறட்டும். வெளிச்சம் நன்றாக வரும், நேரடி வெயில் படாத இடம், 20–27 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். புது இலை வரும் வரை, எப்படியும் 4–6 வாரம், உரம் வேண்டாம். உரத்தின் உப்பு காயம்பட்ட வேரிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, இலவங்கப்பட்டைத் தூள், பூஞ்சைக்கொல்லி இவையெல்லாம் தேவையா?

3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, வெட்டிய வேரை ஓரிரு நிமிடம் முக்கி எடுக்கலாம். மேற்பரப்பில் உள்ள கிருமியைக் குறைக்கும். செத்த வேருக்கு உயிர் கொடுக்காது. மண்ணில் வாராவாரம் ஊற்றுவதால் நல்ல நுண்ணுயிரும் சாகும், நுரை அடங்கியதும் ஆக்ஸிஜனும் போய்விடும். பட்டைத்தூளைத் தண்டு வெட்டில் தடவினால் கெடுதல் இல்லை. வேரில் அப்பினால் மெல்லிய வேர் நுனியை உலர்த்திவிடும்.

பூஞ்சைக்கொல்லியில் ஒரு சிக்கல். பலரும் கைக்கு எட்டியதென்று ஊற்றும் கார்பென்டசிம், பித்தியம், பைட்டோப்தோரா இரண்டின் மேலும் வேலை செய்யாது. அவை பூஞ்சை போலத் தெரிந்தாலும் உண்மைப் பூஞ்சைகள் அல்ல, வேறு குலம். அவற்றுக்கு மெட்டாலாக்சில் வகை வேண்டும். எந்தக் கிருமி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒற்றை வீட்டுச் செடிக்கு, கத்தரியும் புதுக் கலவையும் செய்யாத எதையும் மருந்து செய்துவிடப் போவதில்லை. கட்டாயம் அடிப்பதானால் உறையில் சொன்ன அளவு, கையுறை, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இல்லாத இடம்.

வேரே மிஞ்சவில்லை. தூக்கிப் போடுவதா?

தண்டில் பச்சை இருந்தால் பொறுங்கள். மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான் போன்ற கொடிகளில் இரண்டு மூன்று கணு உள்ள 10–15 செ.மீ. துண்டு வெட்டி, அடி இலையை நீக்கி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும்; கணு இல்லாத இலை மட்டும் மாதக்கணக்கில் பச்சையாக இருந்து ஏமாற்றும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரியும். 5 செ.மீ. நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

ஸ்னேக் பிளாண்ட்டின் இலையில் அழுகாத பகுதியை 8–10 செ.மீ. துண்டுகளாக்கலாம். எது அடி, எது மேல் என்பது மாறிவிட்டால் வேர் வராது. அதனால் அடிப்பக்கத்தைக் கூம்பாக வெட்டி அடையாளம் வைப்பது நல்லது. இரண்டு மூன்று நாள் காயவிட்டு நடுங்கள். மெதுவானது, வேருக்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும். மஞ்சள் ஓரம் உள்ள ரகத்தை இலைத் துண்டில் வளர்த்தால் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். ஓரம் வேண்டுமானால் மட்டத்தண்டில் ஒரு துண்டாவது நல்லதாக மிஞ்ச வேண்டும்.

சதைப்பற்றுச் செடியின் தலைப்பகுதியை, வெட்டு முகத்தில் ஒரு பழுப்புப் புள்ளி கூட இல்லாத உயரத்தில் வெட்டி, 4–7 நாள் நிழலில் ஆறப்போட்டு நடலாம். பீஸ் லில்லி, கலாத்தியா போன்றவை இலையிலிருந்து வராது. அவற்றில் அடித்தண்டும் கூழாகிவிட்டால் முடிந்தது, குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

வாரம் ஒருமுறை ஊற்றினால் சரியாக இருக்குமா?

நாட்காட்டி பார்த்து ஊற்றுவதே பாதிப் பிரச்சினை. கிழமை பார்த்துச் சோதியுங்கள், மண் பார்த்து ஊற்றுங்கள். மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா போன்றவற்றுக்கு மேல் 3–5 செ.மீ. காய வேண்டும். பீஸ் லில்லி இலையை லேசாகத் தளர்த்தி அதுவே கேட்கும். கலாத்தியாவுக்கு மேல் 2 செ.மீ. போதும், பெரணி வகைகள் முழுக்கக் காயக்கூடாது. ஸ்னேக் பிளாண்ட், இசட் இசட் பிளாண்ட், சதைப்பற்றுச் செடிகளுக்கு அடிவரை காய வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் கூட ஆகலாம். பலேனாப்சிஸ் ஆர்கிட் வேர் ஈரத்தில் பச்சை, காய்ந்தால் வெள்ளிச் சாம்பல். நிறம் மாறிய பிறகு ஊற்றினால் தவறாது.

ஊற்றும்போது அரை மனதாக ஊற்றாதீர்கள். மண் பரப்பு முழுவதும் நனைந்து, ஊற்றியதில் 10–20% அடியில் வெளியேறும் வரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் தட்டைக் காலி செய்யுங்கள். அப்புறம் காயும் வரை மறந்துவிடலாம்.

அதே செடி, அதே தொட்டி, அதே தண்ணீர். போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது அழுகுகிறதே?

வெளிச்சம் மாறியிருக்கும். செடி தண்ணீரை இழுக்கும் வேகத்தை வெளிச்சம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஜன்னலோரத்தில் ஐந்து நாளில் காயும் தொட்டி, அறையின் உள்மூலைக்குப் போனால் இரண்டு வாரமானாலும் காயாமல் இருக்கலாம். மேகமூட்டமும் குளிரும் நீடிக்கும் பருவம், புழுக்கமான நாட்கள், காற்றோட்டம் நின்ற அறை எல்லாமே அப்படித்தான். ‘நிழலிலும் வளரும்’ என்று விற்கப்படும் செடிகள் நிழலில் வளர்வதில்லை, தாக்குப்பிடிக்கின்றன. நிழலில் வைப்பதானால் தண்ணீரின் இடைவெளியும் கூட வேண்டும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமாமே?

வடியாது. மெல்லிய துகளுள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. மண் முழுக்க ஊறித் ததும்பிய பிறகே இறங்கும். எனவே எந்தத் தொட்டியிலும் மண்ணின் அடியில் ஒரு சொதசொதப்பான அடுக்கு நிற்கும். அதன் உயரம் கலவையின் தன்மையைப் பொறுத்தது. கல் போட்டால் அந்த அடுக்கு மறைவதில்லை, அப்படியே மேலேறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளையிலிருந்து மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலையோ ஓட்டுச் சில்லோ வைத்தால் போதும்.

துளையில்லாத அழகுத் தொட்டியில் வளர்க்கவே முடியாதா?

அதை வெளிச்சட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். செடி துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கட்டும். அதை உள்ளே இறக்குங்கள். தண்ணீர் ஊற்ற வெளியே எடுத்து, வடியவிட்டு, மறுபடி வையுங்கள். எடுக்கச் சோம்பல்பட்டு உள்ளேயே ஊற்றுகிறவர்களின் வெளித்தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் நான்கு விரல் தண்ணீர் நிற்பது வழக்கம். பீங்கானில் துளை போடுவதானால் கண்ணாடிக்குரிய வைர முனை டிரில், சுத்தியல் இயக்கம் அணைக்கப்பட்டு, இடையிடையே தண்ணீர் விட்டுக் குளிர்வித்து, மெதுவாக.

சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். கை அடிக்கடி செம்பைத் தேடும் சுபாவம் உள்ளவருக்கு அதுதான் ஏற்றது. மேலே பளபளப்புப் பூசியது என்றால் அந்தப் பலன் கிடையாது.

எந்தக் கலவை?

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். சில மாதத்தில் இறுகிவிடும். இலைச் செடிக்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு, பெர்லைட் 1 பங்கு நல்ல தொடக்கம். மான்ஸ்டெரா போன்ற தடித்த வேருள்ள செடிக்கு விரல் நக அளவு மரப்பட்டைத் துண்டு ஒரு பங்கு கூடுதல். சதைப்பற்றுச் செடிக்குப் பாதிக்குப் பாதி பெர்லைட், பியூமிஸ் (நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) அல்லது 2–4 மி.மீ. கரடு மணல். மாவு போன்ற மென்மணல் சேர்த்தால் இருக்கும் சந்தையும் அடைத்துவிடும்.

கோகோபீட் மட்டும் வைத்து வளர்ப்பவர்கள் கவனிக்க: அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பரப்பு சீக்கிரம் வெளுத்துவிடுவதால் காய்ந்தது போலவும் தெரியும். தினம் ஊற்றித் தினம் கெடுக்கும் கூட்டணி இது.

நர்சரியிலிருந்து வாங்கி வந்த செடி ஒரே மாதத்தில் அழுகியது ஏன்?

வேரின் நடுவில் பாருங்கள். நாற்றை வளர்த்தபோது வைத்த சின்ன வலைப்பையோ, கெட்டியான பீட் கட்டியோ பல செடிகளில் அப்படியே இருக்கும். வெளிமண் காய்ந்தாலும் நடுக்கட்டி ஊறியே இருக்கும்; அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். செடி புது இடத்துக்குப் பழகிய இரண்டு வாரம் கழித்து மண் மாற்றும்போது வலையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன. இதுவும் தண்ணீரால்தானா?

ஆமாம். ஈர மண்ணின் மேல் சில செ.மீ. ஆழத்தில் முட்டையிட்டு, புழுக்கள் பூஞ்சையையும் மக்கும் பொருளையும், கிடைத்தால் இளவேரையும் தின்னும். மேல் மண்ணை 5 செ.மீ. வரை காயவிடுவதே முதல் மருந்து. பறப்பவற்றுக்கு மஞ்சள் நிறப் பசை அட்டை. புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா கலந்த தண்ணீர். ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், ஈ குறைந்ததும் நிறுத்தாமல் ஒரு மாதமாவது தொடர வேண்டும்.

மண்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே?

பஞ்சு போல இருந்தால் மட்கும் பொருளைத் தின்னும் பூஞ்சை. செடியைத் தொடாது, சுரண்டி எடுத்து மேல் மண்ணைக் காயவிடுங்கள். நறநறவென்று மேலோடாக இருந்தால் உப்பு. தண்ணீரிலோ உரத்திலோ வந்தது. மேல் 2 செ.மீ. மண்ணை மாற்றலாம். பச்சையாக இருந்தால் பாசி.

இலை நுனியில் காலையில் தண்ணீர் சொட்டுகிறது, இலையின் அடியில் தக்கை போலக் கொப்புளமும் இருக்கிறது. நோயா?

சொட்டு நோயல்ல; இரவில் வேர் தள்ளிய மிகுநீர் இலை நுனித் துளை வழியே வருகிறது. கொப்புளமும் கிருமியால் வருவதில்லை. இலை ஆவியாக்குவதைவிட வேர் அதிகம் தள்ளும்போது செல்கள் உப்பி வெடித்துத் தக்கையாகின்றன. வந்த கொப்புளம் மறையாது, தண்ணீர் இடைவெளியைக் கூட்டினால் புது இலையில் வராது.

மணி பிளாண்ட்டைப் பாட்டில் தண்ணீரிலேயே வைக்கிறோம். அது மட்டும் ஏன் அழுகுவதில்லை?

தண்ணீரில் முளைத்த வேர் வேறு மாதிரி உருவாகிறது. உள்ளே காற்று ஓடும் இடைவெளிகள் கூடுதலாக இருக்கும். பாட்டில் நீர் மேற்பரப்பில் காற்றைத் தொட்டுக்கொண்டும் இருக்கிறது, மட்கும் மண்ணும் அதில் இல்லை. வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் புது ஆக்ஸிஜன். மண்ணில் வளர்ந்த வேரைத் திடீரென்று தண்ணீருக்கு மாற்றினால் அதில் பெரும்பகுதி அழுகத்தான் செய்யும். புது வேர் வந்த பிறகே செடி நிலைக்கும்.

மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகுமா? செடி பிழைத்ததா என்று எப்போது தெரியும்?

முழுக்க மஞ்சளானது பச்சையாகாது, எடுத்துவிடலாம். சிகிச்சைக்குப் பிறகும் ஒன்றிரண்டு இலை விழுவது சகஜம். அது பழைய சேதத்தின் பாக்கி. மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் புதுத் துளிர் தெரிந்தாலோ, தண்டைப் பிடித்து மெல்ல அசைக்கும்போது மண் பிடித்துக்கொண்டாலோ வேர் ஓடிவிட்டது. அதற்கு முன் ஆவலில் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

பழைய மண்ணையும் தொட்டியையும் மறுபடி பயன்படுத்தலாமா?

அழுகிய செடியின் மண்ணை வேறு தொட்டிச் செடிக்குப் போட வேண்டாம். தொட்டியை சோப்பு போட்டுத் தேய்த்து, வீட்டுப் பயன்பாட்டு பிளீச் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிட்டால் போதும். ஆல்கஹாலையோ வினிகரையோ பிளீச்சோடு சேர்க்கக் கூடாது, நச்சுப்புகை வரும். சுட்ட மண் தொட்டி பிளீச்சை உறிஞ்சிக்கொள்ளும். அதை இன்னும் ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டிவிட்டுக் காயவிடுங்கள்.